தோட்ட ரயிலுக்குப் பழைய நீராவி இன்ஜின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய நீராவி மாடல் இன்ஜின்களைப் பிரித்து, சரிசெய்து, தோட்டத்துத் தண்டவாளத்தில் ஓடவிடுவேன் என்று தெரிந்ததும் பலரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். மின்மோட்டாரில் ஓடிக்கொண்டு சும்மா புகை விடும் இன்ஜின்கள் இதில் வராது. உள்ளே தண்ணீர் கொதித்து, அந்த நீராவியே சக்கரத்தைச் சுற்றும் இன்ஜின்களைப் பற்றி மட்டும்தான் பேச்சு.

வீட்டுப் பெட்டியில் ஒரு பழைய இன்ஜின் கிடைத்தது. தண்ணீர் ஊற்றிப் பற்றவைத்துப் பார்க்கட்டுமா?

வேண்டாம். பற்றவைப்பது கடைசி வேலை. முப்பது நாற்பது வருடம் சும்மா கிடந்த பாய்லரில் எந்த இணைப்பு விட்டிருக்கிறது, பாதுகாப்பு வால்வு இறுகிக் கிடக்கிறதா என்பதெல்லாம் வெளியே பார்த்தால் தெரியாது. தண்ணீர் நீராவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு பெருகும். கையளவு பாய்லர்தானே என்ற அலட்சியம் கூடாது.

முதல் நாள் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். அசையவில்லையா, முறுக்காதீர்கள். பழைய எண்ணெய் அரக்கு மாதிரி உறைந்திருக்கும். மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு ராத்திரி அப்படியே வையுங்கள், காலையில் தானாக இளகியிருக்கும். அப்புறம் பாதுகாப்பு வால்வைக் கழற்றி அதன் தண்டை இழுத்துவிடுங்கள். ஸ்பிரிங் அமுங்கி, விட்டதும் பழைய இடத்தில் வந்து உட்கார வேண்டும். வராவிட்டால் அந்த வால்வை மறந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள்.

என்னிடம் இருப்பது எந்த வகை?

சக்கரம் சுற்றும்போது சிலிண்டரைக் கவனியுங்கள். சிலிண்டரே ஊஞ்சல் மாதிரி ஆடினால் அது ஆடும் சிலிண்டர் வகை. இதில் தனி வால்வு கிடையாது. ஆடும்போது சிலிண்டரின் துளை, நிலையாக இருக்கும் தகட்டின் துளைகளோடு மாறி மாறிச் சேர்வதால் நீராவி உள்ளே போய் வெளியே வருகிறது. 1920, 30களின் போமேன் இன்ஜின்களும் 1980 வாக்கில் வந்த மாமோட் இன்ஜின்களும் இந்த வகை. சிலிண்டர் அசையாமல் பிஸ்டன் தண்டு மட்டும் போய்வந்தால் அது நிலைச் சிலிண்டர் வகை; பக்கத்தில் ஒரு வால்வுப் பெட்டி இருக்கும். ஆஸ்டர், ரவுண்ட்ஹவுஸ் போன்ற பிற்காலத் தயாரிப்புகள் பெரும்பாலும் இப்படி.

அடுத்து நெருப்பு எங்கே எரிகிறது என்று பாருங்கள். பாய்லரின் அடியில், அடுப்பில் வைத்த பானைபோல எரிந்தால் ஒரு வகை. பாய்லருக்குள் ஓடும் குழாயில் எரிந்தால் இன்னொரு வகை. எரிபொருளை மாற்ற நினைக்கும்போது இந்த வித்தியாசம் தேவைப்படும்.

பழைய பொருளில் கைவைத்தால் மதிப்புப் போய்விடாதா?

சிலவற்றில் கண்டிப்பாகப் போகும். பிங், மெர்க்லின், பாசெட்-லோக் போன்ற பெயர்களோடு முதல் உலகப் போருக்கு முந்தைய இன்ஜின் கிடைத்தால் துடைத்து எண்ணெய் போட்டு அலமாரியில் வைப்பதே என் யோசனை. பெயின்ட்கூட அடிக்க வேண்டாம். தண்டவாளமே இல்லாமல் தரையில் ஓடிய பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பித்தளை இன்ஜின்களும் அப்படித்தான். போகிற வழியெல்லாம் தண்ணீர் சொட்டியதால் அவற்றுக்கு ஆங்கிலத்தில் 'ட்ரிப்ளர்' என்றே பட்டப்பெயர்.

ஆயிரக்கணக்கில் செய்து விற்ற பிற்கால இன்ஜின்களில் தைரியமாக வேலை செய்யலாம். கழற்றும் பழைய பாகம் ஒவ்வொன்றையும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். இன்ஜினின் உலோகச் சட்டகத்தில் புதுத் துளை போடாமல் ஏற்கெனவே இருக்கும் துளைகளிலேயே புதுப் பாகத்தைப் பொருத்தினால், நாளைக்கு வேறொருவர் அதைப் பழையபடி ஆக்கிக்கொள்ளலாம்.

32 மி.மீ. தண்டவாளமா, 45 மி.மீ. தண்டவாளமா?

இந்த அளவு இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள அகலம். இன்ஜின் எதற்குச் செய்யப்பட்டதோ அதுவே சரி. 32 மி.மீ. பாதையில் 1:19 அளவு மாடல் ஓடினால் அது 610 மி.மீ. குறுகிய பாதை ரயிலின் அளவு. 45 மி.மீ. பாதையில் 1:32 என்றால் 1,435 மி.மீ. பாதை, 1:22.5 என்றால் மீட்டர் கேஜ். பல சிறிய இன்ஜின்களில் சக்கரத்தை அச்சில் நகர்த்தி 32-ஐ 45 ஆக்கிவிடலாம். இரண்டு பக்கமும் ஒரே அளவு நகர்த்துங்கள். இடவலச் சக்கரங்களின் கிராங்குகளுக்கு (தண்டு வந்து சக்கரத்தைச் சுற்றும் கைகளுக்கு) நடுவே உள்ள 90 டிகிரிக் கோணம் மட்டும் மாறவே கூடாது.

பாய்லர் நன்றாக இருக்கிறதா என்று எப்படி உறுதி செய்வது?

தண்ணீர் அழுத்தச் சோதனைதான். பாய்லரில் ஒரு குமிழி காற்றுகூட இல்லாமல் விளிம்புவரை தண்ணீர் நிரப்ப வேண்டும். மற்றத் துளைகளை அடைத்துவிட்டு, ஒரு துளையில் கைப்பம்பும் அழுத்தமானியும் மாட்டி மெல்ல அழுத்தம் ஏற்ற வேண்டும். புதிய பாய்லர் என்றால் வேலை அழுத்தத்தைப்போல (பாதுகாப்பு வால்வு திறக்கும் அழுத்தத்தைப்போல) இரண்டு மடங்கு, ஏற்கெனவே சோதித்ததை மறுபடி பார்க்கிறோம் என்றால் ஒன்றரை மடங்கு. சரித்திரம் தெரியாத பழைய பாய்லரைப் புதியதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் ஏற்றி இருபது நிமிடம் விட்டால் முள் இறங்கக் கூடாது.

அந்த இருபது நிமிடமும் முள்ளையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பாய்லரின் இரண்டு முனைத் தகடுகள்மேல் ஒரு எஃகு ஸ்கேலை நிறுத்தி, அழுத்தம் ஏறுவதற்கு முன்னும் பின்னும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். முன்பு நேராக இருந்த தகட்டின் நடுப்பகுதி பிறகு லேசாகத் துருத்தி ஸ்கேல் ஆடினால், ஒரு சொட்டு ஒழுகாவிட்டாலும் அந்த பாய்லர் தோற்றது. எங்காவது நிறம் செம்மையாக மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போனால் மிஞ்சுவது பஞ்சுபோன்ற செம்பு. அதில் பலம் கிடையாது.

தண்ணீருக்குப் பதிலாகக் காற்று அடித்துச் சோதித்தால் சுத்தமாக இருக்குமே?

கூடாது. தண்ணீரை ஏறக்குறைய அமுக்கவே முடியாது என்பதால் பாய்லர் விட்டுக்கொடுத்தால் ஒரு பீச்சலோடு அழுத்தம் செத்துவிடும். அமுக்கிய காற்று ஸ்பிரிங் மாதிரி. உடைந்தால் துண்டுகளை வீசும். பாய்லர் தேறிய பிறகு, குறைந்த அழுத்தக் காற்றை நீராவிக் குழாய் வழியாக விட்டு சிலிண்டர்களை ஓட்டிப் பார்க்கலாம். அது வேறு விஷயம், நல்ல பழக்கமும்கூட.

இணைப்பில் கசிகிறது. மேலே கொஞ்சம் ஈயம் வைத்து அடைத்துவிடலாமா?

முதலில் அந்த இணைப்பு எதில் செய்தது என்று தெரிய வேண்டும். பழைய பொம்மை பாய்லர்கள் பலவும் ஈயம் வைத்தவை. ஈயமும் வெள்ளீயமும் கலந்த அந்தப் பற்று 183 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பிக்கும். அழுத்தமானி 1 பார் ('பார்' என்பது அழுத்தத்தின் அலகு) காட்டும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் 120 டிகிரி, 3 பாரில் 143 டிகிரி. தண்ணீர் இருக்கும்வரை இணைப்பு பிழைத்திருக்கும், வற்றினால் போயிற்று. ஈயம் வைத்த குறைந்த அழுத்த பாய்லரைச் சுத்தம் செய்து அதே ஈயத்தால் சரிசெய்து, பழைய அழுத்தத்திலேயே ஓட்டலாம். அழுத்தத்தைக் கூட்ட மட்டும் நினைக்காதீர்கள்.

வெள்ளி பிரேசிங், அதாவது வெள்ளி கலந்த பற்று, 600 டிகிரிக்கு மேல்தான் உருகும், உறுதியும் அதிகம். ஆனால் ஒருமுறை ஈயம் பட்ட இடத்தில் வெள்ளி சரியாக ஒட்டாது. துளி ஈயம் தங்கியிருந்தாலும் அந்தச் சூட்டில் அது செம்பையும் பித்தளையையும் அரித்துவிடும். ஆகவே 'ஈயத்தைச் சுரண்டிவிட்டு வெள்ளி வைக்கலாம்' என்ற யோசனை பெரும்பாலும் பாய்லரைக் கெடுப்பதில்தான் முடியும். புதிதாகச் செய்த செம்பு பாய்லர் வாங்கிப் பொருத்துவது நல்லது. பழைய வெள்ளிப் பற்றுக் கம்பி கையில் இருந்தால் அதில் காட்மியம் இருக்கிறதா என்று பாருங்கள், அதன் புகை விஷம்.

உள்ளே வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, எதை ஊற்றிக் கழுவுவது? எந்தத் தண்ணீர் நல்லது?

வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சிட்ரிக் அமிலம் கரைத்து ஊற்றி, நுரை அடங்கும்வரை ஒரு மணி நேரம் போல வைத்து, நாலைந்து தடவை அலசுங்கள். ராத்திரி முழுக்க ஊறவைக்காதீர்கள்; அமிலம் பித்தளையிலிருந்து துத்தநாகத்தையும் இழுத்துவிடும். ஓட்டுவதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் அல்லது வடிகட்டிய மழைநீர். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் மறுபடியும் இதே கேள்விக்குத்தான் வர வேண்டும்.

பாய்லரைச் சுற்றி வெள்ளைக் கயிறு, நார் மாதிரி ஏதோ இருக்கிறது. பிய்த்து எறியலாமா?

பழைய மாடல் என்றால் அது ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாய்லர் போர்வை, வாஷர், பர்னர் திரி எல்லாவற்றிலும் அந்தக் காலத்தில் அதைத்தான் போட்டார்கள். காய்ந்தபடி பிய்ப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் கூடாது. பொருத்தமான முகக்கவசம் போட்டு, சோப்புத் தண்ணீரால் நன்றாக நனைத்து, ஈரத்தோடு எடுத்து, இரட்டைப் பையில் கட்டி, உங்கள் ஊர் விதிப்படி அப்புறப்படுத்துங்கள். நிறைய இருந்தால் நீங்களே தொட வேண்டாம். பதிலுக்குப் போர்வைக்கு செராமிக் தாளும், பிஸ்டன் தண்டைச் சுற்றிய அடைப்புக்கு கிராஃபைட் நூலும் போதும்.

ஆடும் சிலிண்டரில் பக்கவாட்டில் நீராவி பீச்சுகிறது. ஸ்பிரிங்கை இறுக்கினால் நிற்குமா?

நிற்கும், இன்ஜினும் சேர்ந்து நின்றுவிடும். ஸ்பிரிங் இறுகினால் உராய்வு கூடும். அந்த ஸ்பிரிங் இன்னொரு வேலையும் செய்கிறது: அழுத்தம் எல்லை மீறினால் சிலிண்டர் முகம் லேசாகத் தூக்கிக்கொடுத்து நீராவியை வெளியே விடும். கசிவுக்குக் காரணம் ஸ்பிரிங் இல்லை, இரண்டு முகங்களும் தட்டையாக இல்லாததுதான்.

ஒரு கெட்டியான கண்ணாடித் தகட்டில் 600 நம்பர் நீர் எமரித் தாளை நனைத்து ஒட்டுங்கள். சிலிண்டரின் முகத்தில் பேனா மையால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுங்கள். சிலிண்டர் ஆடும் அச்சாணி முகத்திலிருந்து நீட்டிக்கொண்டிருந்து, அது கழலாத வகை என்றால், துளை போட்ட தட்டையான உலோகத் தகட்டின்மேல் துளை போட்ட தாளை வைத்துத் தேய்க்க வேண்டும். எடையை விரல்களில் போடாமல், எட்டு எழுதுவதுபோல பத்து தடவை தேய்த்துவிட்டுப் பாருங்கள். மை எங்கே அழிந்ததோ அது மேடு, எங்கே மிச்சமோ அது பள்ளம். நான் பார்த்த பழைய சிலிண்டர்களில் பெரும்பாலும் துளைகளைச் சுற்றி மை அப்படியே இருக்கும். நீராவி தப்பிக்கும் வழி அதுதான். மை முழுக்க அழியும்வரை தேய்த்து, பிறகு 1,000, 1,200 என்று போங்கள். எதிர்முகத்துக்கும் இதே வேலை. கடைசியில் சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கும் பிரஷால் துளைகளை நன்றாகக் கழுவுங்கள். ஒரு துகள் எமரி மிஞ்சினாலும் அது ஓடும்போதெல்லாம் தேய்த்துக்கொண்டே இருக்கும். துளைகளைப் பெரிதாக்கினால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நீராவி நுழையும் நேரமே குழம்பிவிடும்.

பாதுகாப்பு வால்வின் ஸ்பிரிங்கை மட்டும் கொஞ்சம் இறுக்கினால் அதிகப் பெட்டி இழுக்குமே?

இழுக்கும் என்று தோன்றும். மேலே பாய்லர் சோதனையில் சொன்ன கணக்கு முழுக்க வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்பதன்மேல்தான் நிற்கிறது. வால்வை இறுக்கிவிட்டால் நீங்கள் சோதித்த பாய்லர் வேறு, ஓட்டும் பாய்லர் வேறு. அதோடு மேலே பார்த்தபடி ஆடும் சிலிண்டர் அழுத்தம் கூடினால் முகத்தைத் தூக்கிவிடும், கூடுதல் நீராவி பக்கவாட்டில்தான் போகும்.

இழுவை வேண்டுமென்றால் எடையைக் கூட்டுங்கள், பெட்டிச் சக்கரங்களுக்கு எண்ணெய் போடுங்கள், தண்டவாளத்தை மட்டம் பாருங்கள். இந்த மூன்றும் வால்வைவிட அதிகம் தரும்.

மாத்திரை, ஸ்பிரிட், கேஸ்: எதற்கு மாற்றலாம்?

திட எரிபொருள் மாத்திரை எளிது. ஆனால் ஒருமுறை எரிந்தால் குறைக்கவோ அணைக்கவோ வழியில்லை, புகையும் கண்ணைக் கரிக்கும். ஸ்பிரிட் சத்தமில்லாமல் நன்றாக எரியும். அதன் குறை, வெயிலில் சுடர் கண்ணுக்கே தெரியாது. ஒருமுறை வளைவில் என் இன்ஜின் கவிழ்ந்தபோது ஸ்பிரிட் கொட்டி, சருகுகள் சுருண்டு கருத்த பிறகுதான் நெருப்பு ஓடிக்கொண்டிருப்பதே தெரிந்தது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். ஸ்பிரிட் தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால் தாராளமாக ஊற்றினால் அணைந்துவிடும்.

பியூட்டேன் கேஸில் சுடரைக் கூட்டலாம், குறைக்கலாம், நினைத்த நேரத்தில் அணைக்கலாம். அடியில் எரியும் பாய்லருக்கு செராமிக் பர்னர், உள்குழாய் பாய்லருக்கு நீளக் குழல் பர்னர் பொருந்தும். கேஸ் தொட்டியை நீங்களே செய்யாதீர்கள், சோதித்து விற்பதை வாங்குங்கள். இணைப்புகளைச் சோப்பு நுரையால் சோதியுங்கள், தீக்குச்சியால் அல்ல.

முகாம் அடுப்புக் குப்பியில் கேஸ் மலிவாகக் கிடைக்கிறது. அதை நிரப்பலாமா?

குப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். சுத்தமான பியூட்டேன் 20 டிகிரியில் ஏறக்குறைய 1 பாருக்குச் சற்று மேல் அழுத்தம் தரும். புரோப்பேன் அதே சூட்டில் 7 பாருக்கு மேல். கலவைக் கேஸ் இரண்டுக்கும் நடுவில். உங்கள் தொட்டியும் ஜெட்டும் (கேஸ் பீச்சும் நுண்துளை) எதற்குச் செய்தவை என்று அதைச் செய்தவர் சொல்லியிருப்பார், அது மட்டுமே. குளிர்காலத்தில் பியூட்டேன் சோம்பலாக வரும், அதன் கொதிநிலை சுழியத்தை ஒட்டித்தான் இருக்கிறது. தொட்டியைச் சுற்றி வெதுவெதுப்பான தண்ணீர் நிற்கச் சின்ன தகரப் பாத்தி கட்டினால் சரியாகிவிடும்.

எவ்வளவு எரிபொருள், எவ்வளவு தண்ணீர்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். எரிபொருள்தான் முதலில் தீர வேண்டும், தண்ணீர் அல்ல. என் ஆரம்ப நாட்களில் 'இன்னும் ஒரு சுற்று' ஆசையில் கூடுதலாக ஒரு மாத்திரையைத் தள்ளினேன். நாலாவது நிமிடம் புகைபோக்கி சாய்ந்தது, அடியில் ஈயம் மணிமணியாகத் தண்டவாளத்தில் உருண்டது.

அளப்பது சுலபம். பெரிய மருந்து ஊசிக்குழலால் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். எரிபொருளையும் அளந்து போட்டு, அது தீரும்வரை ஓட்டுங்கள். ஆறிய பிறகு மீதித் தண்ணீரை உறிஞ்சி அளந்து பாருங்கள். நான் ஓட்டும் ஒரு சின்ன இன்ஜினில் 90 மி.லி. ஊற்றினால் 30 மி.லி. மிஞ்சும்படி ஸ்பிரிட்டைக் குறைத்து வைத்திருக்கிறேன். கால் பங்குக்குக் கீழே மிஞ்சினால் எரிபொருளைக் குறையுங்கள்.

பைக் இன்ஜின் ஆயில் போட்டால் என்ன?

நீராவி அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். நீராவி சிலிண்டருக்கென்றே கெட்டியான எண்ணெய் இருக்கிறது. 460 தரம் என்று கேளுங்கள். எண்ணெய்க் குப்பி உள்ள இன்ஜினில் நீராவி குப்பிக்குள் குளிர்ந்து தண்ணீராகி அடியில் இறங்கும், எண்ணெய் மேலே எழும்பிக் குழாய்க்குள் போகும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அந்தத் தண்ணீரை ஊசிக்குழலால் எடுத்துவிட்டு எண்ணெய் நிரப்புங்கள். அச்சுகளுக்குச் சாதாரண மெல்லிய எண்ணெய் போதும்.

எம்6 (6 மி.மீ. மெட்ரிக்) போல்ட் பாதிவரை போகிறது, அப்புறம் இறுகுகிறது. இன்னும் கொஞ்சம் முறுக்கலாமா?

உடனே கழற்றுங்கள். பழைய ஆங்கிலேய மாடல்களில் பிஏ (பிரிட்டிஷ் அசோசியேஷன்) என்ற அளவு மரை உண்டு. 0பிஏ என்பது 6 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி, அதாவது எம்6 போலவே. ஆனால் மரையின் கோணம் எம்6-இல் 60 டிகிரி, பிஏ-வில் 47.5 டிகிரி. கையில் பிடித்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரிதான் இருக்கும். பித்தளையில் ஒருமுறை தவறான போல்ட்டை ஏற்றினால் மரை போய்விடும். பாய்லர் துளைகளுக்கு இதைவிட நுண்ணிய வேறு மரைகளும் உண்டு, மரை கேஜால் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

கிளம்பியதும் புகைபோக்கியில் தண்ணீரைத் துப்புகிறது, அப்புறம் பேய் மாதிரி பறக்கிறது. எப்படி அடக்குவது?

துப்புவது நோயல்ல. குளிர்ந்த சிலிண்டரில் நீராவி தண்ணீராகிறது. கையால் முன்னும் பின்னும் நாலைந்து முறை தள்ளி வெளியேற்றிவிட்டு ஓடவிடுங்கள். தொடர்ந்து துப்பினால் தண்ணீரை அதிகம் ஊற்றியிருக்கிறீர்கள்.

பறப்பதற்கு முதல் மருந்து சுமை. நாலு பெட்டி மாட்டினாலே பாதி அடங்கும். அடுத்து, பாய்லருக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு நல்ல நீராவி வால்வு. அச்சில் பற்சக்கரம் வைத்து வேகமாகச் சுழலும் கனச் சக்கரம் மாட்டுவதும் ஒரு வழி. அப்படி மாட்டிய இன்ஜின் இறக்கத்தில்கூட நிதானமாக ஊர்ந்து போகும். எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் அது.

ரேடியோ கண்ட்ரோல் வைக்கலாமா?

நிலைச் சிலிண்டர் இன்ஜினில் தாராளமாக. ஒரு சர்வோ (ரேடியோ சொல்கிறபடி நெம்பும் சின்ன மோட்டார்) நீராவி வால்வுக்கு, இன்னொன்று முன்-பின் மாற்றத்துக்கு. பேட்டரியும் ரிசீவரும் பாய்லர் சூடு படாத இடத்தில், முடிந்தால் பின்னால் வரும் பெட்டியில் இருக்கட்டும். ஆடும் சிலிண்டரில் மேலே சொன்ன வால்வை முதலில் பொருத்தாமல் சர்வோ மாட்டுவது வீண் வேலை.

மின்சார ரயிலும் ஓடும் தண்டவாளத்தில் இதையும் ஓட்டலாமா?

சக்கரங்கள் உலோக அச்சில் நேரடியாக மாட்டியவை என்றால் இரண்டு தண்டவாளத்தையும் ஷார்ட் ஆக்கிவிடும். மின்சாரத்தை அணைத்துவிட்டு ஓட்டுங்கள், அல்லது மின்காப்பு வைத்த சக்கரமாக மாற்றுங்கள். நீராவி ஓடிய தண்டவாளத்தில் எண்ணெய்ப் படலம் இருக்கும், மின்சார ரயில் விடுவதற்கு முன் துடைத்துவிடுங்கள்.

ஓட்டி முடித்ததும் அப்படியே பெட்டியில் வைத்துவிடலாமா?

அழுத்தம் முழுக்க இறங்கியதும், இன்ஜின் இன்னும் சூடாக இருக்கும்போதே தண்ணீர் ஊற்றும் மூடியைத் திறந்துவிடுங்கள். மூடியே வைத்தால் பாய்லர் குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, சிலிண்டர் எண்ணெயைக் குழாய் வழியாக பாய்லருக்குள் உறிஞ்சிவிடும். அடுத்த முறை கொதிக்கும்போது அந்த எண்ணெய் நுரைத்து, மேலே ஒரு கேள்வியில் சொன்ன துப்பலை இரட்டிப்பாக்கும். மீதித் தண்ணீரை அளந்து எடுத்து நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் குப்பியைக் காலிசெய்து, துணியால் துடைத்து, மூடியைத் திறந்தபடியே ஒரு ராத்திரி வெளியில் வைத்துவிட்டு மறுநாள் பெட்டியில் வையுங்கள்.